நிமிடத்துக்கு எத்தனை பக்கம்?

இங்க்ஜெட் அச்சுப்பொறியின் விவரத்தாளில் முதலில் கண்ணில் படுவது வேக எண். அலுவலகப் பொறி என்றால் நிமிடத்துக்கு இத்தனை பக்கம் என்றிருக்கும். பிளெக்ஸ் அடிக்கும் பொறி என்றால் மணிக்கு இத்தனை சதுர அடி. சுருள் காகிதத்தில் புத்தகம் அச்சிடும் பொறி என்றால் நிமிடத்துக்கு இத்தனை மீட்டர். அந்த எண் பெரும்பாலும் பொய்யல்ல. பொறி அந்த வேகத்தில் ஓடக்கூடியதுதான். எந்தத் தாளில், எந்தத் தரத்தில், எவ்வளவு நீளமான வேலையில், எத்தனை மணி நேரம் தொடர்ந்து என்று கேட்கும்போதுதான் எண் மௌனமாகிவிடுகிறது. அச்சகத்துக்குக் காசு தருவது வெட்டி, கட்டி, வாடிக்கையாளர் கையில் கொடுக்கக்கூடிய அச்சு. பொறி ஓடும் வேகத்துக்கும் அப்படிக் கையில் கொடுத்த வேலைக்கும் உள்ள இடைவெளி பொறிக்குப் பொறி மாறும். ஒரே பொறியில் வேலைக்கு வேலையும் மாறும். எனவே இரண்டு பொறிகளை ஒப்பிடுவதற்கு முன் அந்த இடைவெளி எங்கெங்கே உண்டாகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

துளியில் தொடங்கும் கணக்கு

இங்க்ஜெட்டின் வேகம் அதன் ஹெட்டில் பிறக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வரிசையாக அமைந்த தகடு அது. ஒவ்வொரு துளைக்குப் பின்னும் மை நிரம்பிய சிற்றறை ஒன்று உண்டு. அறையிலுள்ள மையைத் துளியாக வெளியே தள்ள இரண்டு வழிகள் நிலைபெற்றிருக்கின்றன. ஒன்று வெப்பம்: கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவான நேரத்தில் சூடாகும் ஒரு சிறு மின்தடை மையில் ஆவிக்குமிழை எழுப்ப, குமிழ் மையை உந்தித் தள்ளும். 1977இல் ஜப்பானின் கேனான் ஆய்வகத்தில், சூடான சால்டரிங் அயர்ன் மை நிரம்பிய ஊசி மேல் பட்டு மை பீறிட்டதைக் கண்டு இச்சிரோ எண்டோ இந்த வழியைப் பிடித்தார் என்பது பிரபலமான கதை. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனமும் தனியாக இதே முறைக்கு வந்து, 1984இல் திங்க்ஜெட் என்ற பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற வழி பீசோ: மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பொருள் ஒன்று அறையின் சுவரை அழுத்தி மையைப் பிதுக்கும். மையைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை என்பதால் சால்வென்ட் மை, யூ.வி. மை எல்லாவற்றையும் பீசோ ஹெட் ஏற்கும். பிளெக்ஸ் பொறிகளில் பீசோ ஹெட்டே இருப்பது இதனால்தான்.

எந்த வழியானாலும் ஒரு துளை நொடிக்கு எத்தனை துளி விடும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. துளி வெளியேறிய பிறகு அறை மீண்டும் நிரம்ப வேண்டும். உள்ளே எழுந்த அலை அடங்க வேண்டும். நொடிக்கு 40,000 துளி விடும் ஹெட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தாள் ஓடும் திசையில் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்தால், நொடிக்கு 40,000ஐ 600ஆல் வகுத்த அளவு, அதாவது 66.7 அங்குலம் தாள் நகரலாம். அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மீட்டர். அதே ஹெட்டில் 1200 புள்ளி கேட்டால் வேகம் 50 மீட்டராகிவிடும். விவரத்தாளின் ஒரு வரியில் 100 மீட்டர் என்றும் வேறொரு வரியில் 1200 டி.பி.ஐ. என்றும் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்குமா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெரும்பாலும் கிடைக்காது.

ஃபியூஜிஃபிலிமின் ஜே பிரஸ் 750 வரிசை இதற்கு நல்ல சான்று. 1200×1200 நுணுக்கத்தில் அது மணிக்கு 3,600 தாள் அச்சிடும். அதன் அதிவேக வகையில் ஓட்டத் திசையின் நுணுக்கத்தை 600ஆக இறக்கினால் மணிக்கு 5,400 தாள். நுணுக்கம் பாதியானதும் வேகம் இரண்டு மடங்காகாமல் ஒன்றரை மடங்கில் நின்றுவிடுவதைக் கவனிக்க வேண்டும். ஹெட்டின் எல்லை விலகினால் தாளைக் கொண்டுசெல்வது, உலர்த்துவது என்று அடுத்த எல்லை எதிரே வந்து நிற்கிறது.

துளியின் அளவும் வேகத்தைத் தொடும். ஒரே துளையிலிருந்து சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் துளி விடும் ஹெட்டுகளில், பெரிய துளி என்பது பல சிறு துளிகள் பறக்கும்போதே ஒன்றாகச் சேர்ந்ததாக இருப்பதுண்டு. ஒரு புள்ளிக்கு மூன்று துடிப்பு தேவைப்பட்டால் நொடிக்கு வைக்கக்கூடிய புள்ளிகளின் எண்ணிக்கை குறையும். அதனால் கனமான கறுப்புப் பரப்பும் மெல்லிய எழுத்தும் ஒரே வேகத்தில் கிடைக்கும் என்று கொள்ள முடியாது.

பாஸ் எண்ணிக்கை

தமிழ்நாட்டில் சிற்றூர்வரை பரவியிருக்கும் பிளெக்ஸ் கடைகளில் இருப்பவை, ஹெட் இடமும் வலமும் ஓட, ரோல் அடி அடியாக நகரும் வகைப் பொறிகள். ஒரே பரப்பை ஹெட் எத்தனை முறை கடந்து நிரப்புகிறதோ அத்தனை பாஸ். இந்த வகையில் வேகத்தை முடிவு செய்வது பாஸ் எண்ணிக்கைதான். ஆனால் விளம்பர எண் எந்தப் பாஸுக்கு உரியது என்பது அடிக்குறிப்பில், கண்ணுக்கு எட்டாத எழுத்தில் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டால் இது விளங்கும். ஹெட்டைத் தாங்கிய வண்டி நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது. ஒரு கடப்பில் 54 மி.மீ. அகலப் பட்டை அச்சாகிறது. பேனரின் அகலம் 1.6 மீட்டர், ஓரத்தில் வேகம் குறைத்துத் திரும்பி மீண்டும் வேகம் எடுக்க அரை நொடி ஆகிறது. ஒரு கடப்புக்கு 2.1 நொடி. ஒரே பாஸில் முடிந்தால் மணிக்கு ஏறத்தாழ 148 சதுர மீட்டர், அதாவது 1,590 சதுர அடி. நான்கு பாஸ் என்றால் 400 சதுர அடிக்குச் சற்றே குறைவு. எட்டுப் பாஸ் என்றால் 200. ஒரே பொறியின் வேகம்தான் இத்தனை எண்களும். ஹெட் போகும்போது மட்டும் அச்சிட்டு வரும்போது சும்மா வந்தால் இவற்றிலும் பாதிதான். இரு திசையிலும் அச்சிடும்போது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் எழுத்தின் விளிம்பு இரட்டித்துத் தெரியும் பொறியில், இயக்குபவர் வேறு வழியின்றி ஒரு திசை முறைக்குப் போய்விடுவார். பாதி வேகம் போவது அங்கேதான். எந்த விவரத்தாளிலும் அது இராது.

பேனரின் அகலமும் கணக்கில் வரும். அதே பொறியில் அரை மீட்டர் அகலத்துக்கு நீளமாக ஒரு ஸ்டிக்கர் அடித்தால், கடப்புக்கு அரை நொடி ஓட்டம், அரை நொடி திருப்பம். பாதி நேரம் திரும்புவதிலேயே போகிறது. நான்கு பாஸ் வேகம் 400 சதுர அடியிலிருந்து 260க்கு இறங்கும். சிறு வேலைகளை ரோலின் அகலத்துக்குப் பக்கம் பக்கமாக அடுக்கி ஒரே வேலையாக அனுப்புவது ரோலை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நேரமும் மிச்சமாகிறது. அடுக்கும் வேலையை மென்பொருளே செய்துவிடும் பொறிக்கும், ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டிய பொறிக்கும் உள்ள வேறுபாட்டை உற்பத்திக் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

எத்தனை பாஸ் தேவை என்பதை அச்சு எங்கிருந்து பார்க்கப்படும் என்பதே தீர்மானிக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் 40 அடி உயரத்தில் நிற்கும் பலகைக்கு இரண்டு பாஸ் போதும். கடைக்குள் கையெட்டும் தூரத்தில் மாட்டும் நகை விளம்பரத்தில் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். கடையின் வேலைகளில் முதல் வகை எவ்வளவு, இரண்டாம் வகை எவ்வளவு என்று தெரியாமல் பொறியின் வேகத்தைப் பேசுவதில் பொருளில்லை.

பாஸ் கூடினால் வேகம் குறையும் என்பதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு துளை அடைத்துக்கொண்டால், அடுத்த பாஸில் வேறொரு துளை அதே இடத்தைக் கடந்து குறையை மூடிவிடும். ஹெட் அசையாமல் நிற்க, தாள் மட்டும் அடியில் ஒரே முறை ஓடும் ஒற்றைப் பாஸ் பொறிகளில் இந்த மன்னிப்பு கிடையாது. 720 மி.மீ. அகலத்துக்கு 1200 டி.பி.ஐ. என்றால் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய 34,000 துளை. நான்கு நிறத்துக்கு 1,36,000. அதில் ஒன்று அடைத்தாலும் தாளின் நீளம் முழுக்க வெண்கோடு விழும். நல்ல பொறிகள் அச்சாகும் தாளையே கேமராவால் பார்த்து, அடைத்த துளையின் இரு பக்கத்துத் துளைகளையும் சற்றுப் பெரிய துளி விடச் செய்து கோட்டை மறைக்கின்றன. இந்த ஏற்பாடு எவ்வளவு தேர்ந்தது என்பது ஒற்றைப் பாஸ் பொறிகளைப் பிரித்துக் காட்டும். இதன் தரம் தெரியாமல் நிமிடத்துக்கு 100 மீட்டர் என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர், கழிவுத் தாளையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒரே அலகுக்குக் கொண்டுவருதல்

வெவ்வேறு வகைப் பொறிகளை ஒப்பிட, முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகில் எழுத வேண்டும். இருபுறமும் அச்சிடும் பொறியில் நிமிடத்துக்கு 100 முகம் என்றால் 50 தாள்தான் வெளியே வரும். பி2 அளவுப் பொறியில் மணிக்கு 3,000 தாள் என்பது பொதுவாக ஒருபுற அச்சுக்கு. தாளைத் திருப்பி மறுபுறம் அச்சிடும்போது அது 1,500.

தாளில் எத்தனை பக்கம் அடங்கும் என்பதில் இன்னொரு பொறி காத்திருக்கிறது, இது மாட்டிக்கொள்ளும் வகை. கோனிகா மினோல்டாவின் கே.எம்-1 அதிகபட்சம் 585×750 மி.மீ. தாளை ஏற்கும். அமெரிக்க லெட்டர் அளவுப் பக்கம் 216×279 மி.மீ. மூன்றை அகலத்திலும் இரண்டை உயரத்திலும் வைத்தால் 648×558. ஆறு பக்கம் அடங்கிவிடும். மணிக்கு 3,000 தாளுக்கு 18,000 பக்கம். இந்தியாவில் புழங்கும் ஏ4 பக்கம் 210×297 மி.மீ. இரண்டை உயரத்தில் அடுக்கினால் 594 மி.மீ.; தாளைவிட 9 மி.மீ. அதிகம். ஆகவே எல்லாப் பக்கமும் ஒரே திசையில் நிற்க வேண்டுமானால் நான்குதான் வைக்க முடியும். மணிக்கு 12,000 பக்கம். அமெரிக்க விற்பனைத் தாளிலிருந்து பக்கக் கணக்கை அப்படியே எடுத்தவரின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். அச்சகம் அதிகம் செய்யும் புத்தக அளவு எதுவோ, டெம்மியோ கிரவுனோ ஏ5ஓ, அதைப் பொறியின் தாளில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் பக்க எண்ணிக்கையைப் பேச வேண்டும்.

அலுவலகப் பொறிகளின் நிலை இதைவிடத் தெளிவு. முன்பெல்லாம் மை குறைத்து, எழுத்து சாம்பல் நிறமாகத் தெரியும் வரைவு முறையின் வேகத்தையே தயாரிப்பாளர்கள் பெட்டிமேல் அச்சிட்டார்கள். 2009இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 24734 என்ற தரநிலை அதற்கு ஒரு வரம்பு கட்டியது. சொற்செயலி ஆவணம், கணக்குத்தாள், பி.டி.எஃப். என்று குறித்த கோப்புகளைப் பொறியின் இயல்பு அமைப்பில் அச்சிட்டு நேரம் எடுக்க வேண்டும். 2013இல் வந்த எச்.பி. ஆபீஸ்ஜெட் புரோ எக்ஸ்576 பொறிக்கு இந்த முறையில் நிமிடத்துக்கு 42 பக்கம். அதே பொறிக்குப் பொது அலுவலக முறை என்ற பெயரில் 70 பக்கம் என்றும் விளம்பரம் இருந்தது. இரண்டும் உண்மை எண்களே. ஒரு பொறியின் 70ஐ வேறொன்றின் 42உடன் வைத்துப் பார்ப்பதுதான் தவறு.

இந்தத் தரநிலைக்குள்ளும் கவனிக்க ஒன்று உண்டு. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முதல் தொகுப்பு வெளிவர ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டு, பொறி சீராக ஓடும்போது எடுத்த வேகம். அதே தரநிலை, ஒரு தொகுப்பு மட்டும் அச்சிட்டால் கிடைக்கும் நிகர வேகத்தையும் அளக்கச் சொல்கிறது. விரிவான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கினால் அந்த எண்ணும் கிடைக்கும். சின்னச் சின்ன வேலைகளாக வரும் இடத்தில் பின்னதே பயன்படும் எண்.

ஏன் என்பதை எளிய கணக்கு காட்டும். முதல் பொறி நிமிடத்துக்கு 100 பக்கம் அச்சிடும். ஆனால் வேலை வந்து சேர்ந்து முதல் பக்கம் நகரத் தொடங்க 30 நொடி எடுக்கும். இரண்டாவது நிமிடத்துக்கு 60 பக்கம். தொடங்க 8 நொடி. நான்கு பக்கக் கடிதத்துக்கு முதல் பொறி 32.4 நொடி எடுக்க, இரண்டாவது 12 நொடியில் முடித்துவிடும். 200 பக்க அறிக்கைக்கு முதலாவது 150 நொடி, இரண்டாவது 208. இரண்டும் சமமாகும் இடம் 55 பக்கம். பதிவேட்டை எடுத்து, வரும் வேலைகள் 55 பக்கத்துக்கு மேலா கீழா என்று பார்த்தாலே எந்தப் பொறி என்பது தெரிந்துவிடும். வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் ஒரே பொறி பொருந்தாமல் போவது இதனால்தான்.

ஆஃப்செட்டோடு ஒப்பிடும்போதும் இதே வடிவக் கணக்குதான். பிளேட் மாட்டி, மை சமன்செய்து, நிறம் பிடிக்க 20 நிமிடம் எடுத்துப் பிறகு மணிக்கு 12,000 தாள் ஓடும் ஆஃப்செட் பொறியை, 1 நிமிடத்தில் தொடங்கி மணிக்கு 3,000 தாள் ஓடும் இங்க்ஜெட் பொறி ஏறக்குறைய 1,270 தாள்வரை முந்தும். அதற்கு மேல் முந்தாது. சிவகாசியில் லட்சக்கணக்கில் ஓடும் காலண்டருக்கு இங்க்ஜெட் வேகமா என்று கேட்பதே வீண். 300 பிரதி கவிதைத் தொகுப்புக்கு ஆஃப்செட் வேகமா என்று கேட்பதும் அப்படியே.

நீரும் தரவும்

துளி தாளில் விழுந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. நீர் அடிப்படை மையில் பெரும்பகுதி நீர். அது போயாக வேண்டும். 600×600 நுணுக்கத்தில் 10 பிகோலிட்டர் துளி முழுப் பரப்பையும் மூடினால் ஒரு நிறத்துக்குச் சதுர மீட்டருக்கு 5.6 மில்லிலிட்டர் மை. வண்ணப் படத்தில் இரண்டு நிறங்கள் முழுமையாகப் படிந்த அளவு மை இருக்கிறது என்று கொண்டால் 11 மில்லிலிட்டர். அரை மீட்டர் அகலத் தாள் நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் மை கொட்டப்படுகிறது. அதில் சுமார் 400 கிராம் நீர். அந்த நீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 15 கிலோவாட் வேண்டும். தாளையும் காற்றையும் சூடாக்குவது தனி. உலர்த்தியின் திறன் இதற்குக் குறைவு என்றால் பொறி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

எழுத்து மட்டும் உள்ள நாவல் பக்கத்தில் மை மூடும் பரப்பு மிகச் சிறிது. அங்கே விளம்பர வேகம் அப்படியே கிடைக்கும். பளபளப்புத் தாளில் அச்சாகும் சமையல் புத்தகத்தின் முழுப்பக்கப் படத்தில் அது பாதியாகலாம். பூச்சுத் தாள் நீரை உறிஞ்சாது. பூச்சில்லாத தாள் உறிஞ்சினாலும் சுருங்கி நெளியும். நெளிந்த தாள் ஹெட்டில் உரசினால் பழுது பெரிது. அதனால் இயக்குபவர்கள் விவரத்தாள் சொல்லும் வேகத்துக்கு ஒருபடி கீழேயே ஓட்டுவதுண்டு. யூ.வி. மைக்கு இந்தத் தொல்லை இல்லை; விளக்கொளி பட்டதும் உறைந்துவிடும், தாள் நேராக வெட்டுக்கு வரலாம். சால்வென்ட் பேனர் கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருந்தாலும், லேமினேஷன் போட வேண்டுமானால் உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேறும்வரை, பல வேளை ஒருநாள், காத்திருக்க வேண்டும். வேலையை இன்றே கொடு என்று நிற்பவருக்கு, மணிக்கு எத்தனை சதுர அடி என்பதைவிட இந்தக் காத்திருப்புத்தான் முக்கியம்.

மறைவாக இருக்கும் இன்னொரு தடை, கோப்பைப் புள்ளிகளாக மாற்றும் ரிப். 585×750 மி.மீ. தாள் 1200×1200 நுணுக்கத்தில் ஏறக்குறைய 98 கோடி புள்ளி. நான்கு நிறம், நிறத்துக்கு இரண்டு பிட் என்றால் புள்ளிக்கு ஒரு பைட். ஒரு தாளுக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 3,000 தாள் என்றால் 1.2 நொடிக்கு ஒரு தாள், நொடிக்கு 0.8 ஜிகாபைட் ஹெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே பக்கத்தை ஆயிரம் பிரதி எடுத்தால் ஒருமுறை கணக்கிட்டு வைத்தது போதும். ஒவ்வொரு தாளிலும் பெயர், முகவரி, தொகை, பட்டைக்கோடு மாறும் மின்கட்டண ரசீது போன்ற வேலையில் ஒவ்வொரு தாளையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். மாறாத பின்னணியை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டு மாறும் எழுத்தை மட்டும் சேர்க்க உதவும் வகையில் பி.டி.எஃப்./வி.டி. என்ற தரநிலை 2010இல் வந்தது. ரிப் கணினி திணறினால் பல லட்சம் கொடுத்து வாங்கிய பொறி கோப்புக்காகக் காத்து நிற்கும். விற்பனைக்கூட விளக்கக் காட்சியில் இது தெரியவே தெரியாது. அங்கே ஓடும் கோப்பு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தது.

நிற்கும் நேரம்

சுருள் காகிதப் பொறிகளில் நிற்கும் நேரத்தைக் காகிதத்தின் கனத்திலிருந்தே கணிக்கலாம். 1.27 மீட்டர் விட்டமுள்ள சுருளில் 0.1 மி.மீ. கனக் காகிதம் ஏறக்குறைய 12.6 கிலோமீட்டர் இருக்கும். 2008இல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் நடந்த துருபா கண்காட்சியில் எச்.பி. அறிமுகப்படுத்திய 30 அங்குல அகல இங்க்ஜெட் பொறியின் வேகம் நிமிடத்துக்கு 122 மீட்டர். அந்த வேகத்தில் சுருள் ஒன்றே முக்கால் மணிக்குள் தீர்ந்துவிடும். மாற்ற 10 நிமிடம் ஆனால் நூற்றில் ஒன்பது பங்கு நேரம் அதில் போகும். தடித்த காகிதம் என்றால் இன்னும் அடிக்கடி. ஓட்டத்தை நிறுத்தாமலே அடுத்த சுருளை ஒட்டிக்கொள்ளும் துணைக்கருவியின் விலை மதிப்புள்ளதா என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

எல்லா இழப்பையும் ஒரே எண்ணில் கொண்டுவர ஆலைகளில் புழங்கும் வழி, ஜப்பானியப் பொறியாளர் செய்இச்சி நகாஜிமா பரப்பிய ஒட்டுமொத்தக் கருவித் திறன். ஓடிய நேரத்தின் பங்கு, ஓடும்போது எட்டிய வேகத்தின் பங்கு, தேறிய அச்சின் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். மணிக்கு 100 சதுர மீட்டர் என்று சொல்லப்படும் பொறி நாளில் நூற்றுக்கு 75 பங்கு நேரம் ஓடி, ஓடும்போது 60 பங்கு வேகம் எட்டி, 97 பங்கு அச்சு தேறினால், உண்மையில் கிடைப்பது மணிக்கு 43.7. மணிக்கு 75 என்று சொல்லப்படும் பொறி 88, 75, 98 என்று எட்டினால் கிடைப்பது 48.5. வேகம் குறைந்த பொறி அதிகம் தருகிறது. ஆலைகளுக்கு நகாஜிமா சொன்ன 85 விழுக்காடு என்ற இலக்கை அச்சகத்தின்மேல் ஏற்றுவது சரியல்ல. ஒரே பொருளை மாதக்கணக்கில் செய்யும் இடத்துக்குரிய எண் அது. நாளொன்றுக்கு முப்பது வகை வேலை வரும் கடை அதை எட்டினால், கணக்கில்தான் ஏதோ பிசகு இருக்கும்.

நிற்கும் நேரத்தில் இங்க்ஜெட்டுக்கே உரியது ஹெட் கிளீனிங். காலையில் முதல் வேலை நாசில் செக். நிறத்துக்கு ஒரு கட்டமாகச் சிறு கோடுகள் படிக்கட்டு போல இறங்கும் அந்தத் தாளில், ஒவ்வொரு கோடும் ஒரு துளை. கோடு இல்லாத இடம் அடைத்த துளை. சாய்ந்த கோடு, துளி வளைந்து விழும் துளை. கிளீனிங் கொடுத்து மறுபடி எடுத்தால் விட்ட இடம் நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு கிளீனிங், இன்னும் கொஞ்சம் மை வீண். வேலைக்கு நடுவே எத்தனை சதுர மீட்டருக்கு ஒருமுறை பொறி தானாக நின்று ஹெட்டைத் துடைக்கிறது என்பதும் பொறிக்குப் பொறி வேறுபடும். இதை இயக்குபவரிடம் கேட்டால் கிடைக்கும் விடை விற்பனையாளர் தருவதைவிடத் துல்லியமாக இருக்கும்.

பொறிக்கு வெளியே பார்க்காமல் இந்தக் கணக்கு நிறைவு பெறாது. இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1984இல் வெளியிட்ட நாவல் ஒன்றின் வழியே தொழிற்சாலை மேலாளர்களிடம் பரப்பிய கருத்து இங்கே நேராகப் பொருந்தும்: ஓர் ஆலையின் உற்பத்தியை அதன் மிக மெதுவான கட்டமே தீர்மானிக்கிறது. பேனருக்கு ஓரம் மடித்து ஒட்டி ஐலெட் அடிக்க ஒரே ஆள் இருக்கும் கடையில், இரண்டு மடங்கு வேகப் பொறி வந்தால் தரையில் குவியும் பேனர்தான் இரண்டு மடங்காகும். புத்தகத்தில் அது பைண்டிங் மேசை. ரசீதில் உறையிலிடும் பொறி. அந்தக் கட்டத்தின் வேகம் என்ன என்று முதலில் அளந்தால், வாங்க வேண்டியது அச்சுப்பொறியா வெட்டும் பொறியா என்பதே மாறலாம்.

சோதனை ஓட்டம்

இத்தனையையும் விவரத்தாளிலிருந்து கூட்டிக் கணக்கிட முடியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். கடந்த சில மாத வேலைப் பதிவேட்டிலிருந்து, அச்சகத்தின் வேலைக் கலவையைச் சரியாகக் காட்டும் கோப்புகளை எடுக்க வேண்டும்: அதிகம் வரும் சிறு வேலை, மாதம் ஒருமுறை வரும் பெரிய வேலை, மை அடர்ந்த ஒன்று, மாறும் தரவுள்ள ஒன்று. தாளும் அச்சகத்தின் தாளாகவே இருக்கட்டும்; விற்பனைக்கூடத்தில் வைத்திருப்பது அந்தப் பொறிக்கென்று தேர்ந்தெடுத்த தாள். பொறியைக் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். கோப்பைத் திறந்த நொடியில் கடிகாரத்தை அழுத்தி, அச்சு வெட்டுக்குப் போகும் அளவு உலர்ந்ததும் நிறுத்த வேண்டும். கடைசித் தாள் வெளிவந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் உலர்தல் மறைந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் நாசில் செக் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஓட்டத்தில் எத்தனை துளை போயிற்று என்பது கண்முன் இருக்கும். கழித்த தாளையும் எண்ணிவைக்க வேண்டும்.

வேலைகளைக் கலந்து ஓட்டுவது அவசியம். ஒரே தாளில் எல்லா வேலையும் அடுத்தடுத்து ஓடினால் கிடைக்கும் நேரம் வேறு. தாள் மாற்றி, நிறக் கோப்பு மாற்றி ஓடினால் கிடைப்பது வேறு. மாதத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு பக்கம் என்ற எண்ணையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அது பொறி உடையாமல் தாங்கும் உச்சம். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் மாத அளவு அதைவிட மிகக் குறைவாக இருக்கும். பாகங்களின் ஆயுளையும் பழுதுபார்ப்பவர் வரும் இடைவெளியையும் அந்தச் சிறிய எண்ணை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

சோதனையில் ஓடிய கோப்புகள், தாளின் வகை, பாஸ் எண்ணிக்கை, நுணுக்கம், நிறக் கோப்பு, எடுத்த நேரம், செலவான மை, கழிந்த தாள் ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கிக் கொள்முதல் ஒப்பந்தத்தோடு இணைத்துவிடலாம். பொறி அச்சகத்தில் நிறுவப்பட்ட பிறகு அதே கோப்புகளை அதே தாளில், அச்சகத்தின் சொந்த ஆட்களை வைத்து மறுபடி ஓட்டி, பட்டியலில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்ட பின்பே கடைசித் தவணையைக் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் அச்சகங்களும் உண்டு.